நெய்வேலியில் ஒரு தேதியைத் தேடி

மலேசியாவிலிருந்து முதல் தடவை இந்தியா போகிறவர்கள் பழனி, மதுரை, திருச்செந்தூர், கடைசியில் சென்னையில் ஒரு புடவைக் கடை என்று பட்டியல் வைத்திருப்பார்கள். நான் நேராக நெய்வேலிக்குப் போனேன். "அங்கே என்ன கோயில் இருக்கு?" என்று ஈப்போவில் அம்மா கேட்டார். பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்றேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நாலு வருடமாக நட்சத்திரம் படிக்கிற மகளிடம் விளக்கம் கேட்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. நான் போனது ஓர் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க. அதற்கு முன் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்கா மகள் சடங்குக்காக ஈப்போ வந்த இடத்தில், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தாக வேண்டும் என்ற நிலை வந்ததும், "வருகிறேன்" என்று ஒரு தந்தி கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. பதில் எழுதாதவர்கள் மேல் அது இரண்டு மடங்கு.

என்ன கேள்வி என்று சொல்லிவிடுகிறேன். கேலக்ஸி என்கிறோமே, கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம், அதைச் சுற்றிலும் வாயு பரவிக் கிடக்கிறது. அது நம் கண்ணில் படுகிற அளவுக்கு ஒளிர்வதில்லை. அதைப் பார்க்க அதற்குப் பின்னால் யாராவது விளக்குப் பிடிக்க வேண்டும். கேலக்ஸிக்குள் ஒரு நட்சத்திரம் வெடித்தால் சில வாரங்களுக்கு அப்படி ஒரு விளக்கு கிடைக்கும். வெடிப்பின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில், முன்னால் இருக்கும் வாயு அதில் ஒரு துளியைக் கடித்துக்கொள்ளும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிந்தால், கடித்த இடம் ஒரு மெல்லிய பள்ளமாகத் தெரியும். அந்தப் பதிவுக்கு நிறமாலை என்று பெயர். பள்ளம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று அளந்தால், வாயு கேலக்ஸிக்குள் விழுகிறதா, வெளியே ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று சொல்லிவிடலாம். பிறகு விளக்கு மங்கிவிடும். தவறவிட்டால் விட்டதுதான்.

என் கேலக்ஸியில் நட்சத்திரம் வெடித்தபோது நான் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கவே இல்லை. தேறிய நிறமாலை ஒன்றே ஒன்று. அதை எடுத்தவர், எனக்கு முன் அதே பேராசிரியரிடம் இருந்த அருள்ராஜ் என்ற நெய்வேலிக்காரர். எடுத்த கையோடு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒற்றை நிறமாலையை வைத்து, வாயு கேலக்ஸிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரையை நம்பி ஓர் ஆய்வுக்கூடம் எனக்கு வேலை தருவதாகவும் சொல்லியிருந்தது. அச்சுப்படி வந்துவிட்டது. வெள்ளி மாலைக்குள் நான் சரி சொன்னால் அச்சேறிவிடும்.

அந்த நிறமாலைப் படத்தில் இன்னொரு சின்னப் பள்ளம் இருந்தது. நம்முடைய சொந்த கேலக்ஸியின் வாயுவும் அதே ஒளியில் ஒரு கடி கடிக்கும். அது எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். என் படத்தில் அது அந்த இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி இருந்தது. வெறும் இரைச்சல், கருவியின் தடுமாற்றம், விட்டுவிடு என்றார் பேராசிரியர். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அச்சுப்படியில் பார்த்தபோது அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நிறமாலையை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஒவ்வோர் இரவும் தொடக்கத்தில், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விளக்கின் ஒளியை அதே கருவியில் பதிந்து வைப்பார்கள். அதுதான் அளவுகோல். பதிந்த பிறகு கருவியில் கை வைத்தால் அளவுகோல் வீணாகிவிடும். அருள்ராஜ் படம் எடுத்த வாரம் கணினியின் கடிகாரம் பழுது. அதனால் எந்த நேரத்தில் எடுத்தது என்பதற்கு அருள்ராஜின் கையெழுத்தில் பதிவேட்டில் இருந்த ஒரு வரி மட்டுமே சாட்சி: "திங்கள், 2.40." விளக்கைப் பதிந்த பிறகு கருவியைத் தொட்டீர்களா? இதுதான் என் கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் பஸ் ஏறினேன். மலேசியாவில் பஸ் என்பது தூங்குவதற்கு. இங்கே அது கூட்டுக் குடும்பம். பக்கத்து இருக்கைக்காரம்மா செங்கல்பட்டு வருவதற்குள் எனக்கு எத்தனை வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை விசாரித்து முடித்து, கடலை உருண்டை கொடுத்தார். விழுப்புரத்தைத் தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி அடியில் படுத்தார். கண்டக்டர் அவர் காலருகில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். ஒருவரும் கோபப்படவில்லை. நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"அவசரமா போவணுமா பாப்பா?" என்றார் ஒரு பெரியவர். ஆமாம் என்றேன். "அப்ப நெழல்ல வந்து நில்லு. வெயில்ல நின்னா மட்டும் வண்டி கெளம்பிடுமா?"

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த வேறு பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டார்கள். பண்ருட்டியில் பலாப்பழங்கள் ஏறின. ஆட்களைவிட அவற்றுக்குத்தான் நல்ல இடம் கிடைத்தது. கால் வைக்கும் இடம் முழுவதும் முள்ளாக, ஒரு பழத்தின் மேல் கை ஊன்றிக்கொண்டே மீதி வழியைக் கடந்தேன். எங்கள் ஊரில் நங்கா என்கிற பலா இவ்வளவு வாசனை அடிக்காது. ஒரு சுளை கொடுத்தார்கள். தேன்தான். தின்றுவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

நெய்வேலி நகரியத்தில் எல்லாத் தெருவும் நேராகப் போகிறது, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறது, எல்லா வாசலிலும் ஒரு மாமரம். ஆட்டோக்காரர் தவறான பிளாக்கில் அதே எண்ணுள்ள வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதே நம்பர்ல பிளாக்குக்கு ஒரு வீடு இருக்குங்க. எங்க மாமியாரே ஒரு தடவ அடுத்த பிளாக் போயி காபி குடிச்சிட்டுதான் வந்தாங்க" என்று வழி சொன்னார்.

சரியான வீட்டில் அருள்ராஜ் இல்லை. அவர் மனைவி ஸ்டெல்லாதான் இருந்தார். நகரியப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்.

"வாங்கக்கா. அவரு அவங்க அப்பா வூட்டுக்குப் போயிருக்காருங்க. இன்னிக்கி அவருக்கு வார லீவு. நாளைக்கி அப்படியே ஷிப்டுக்குப் போயிடுவாரு. நீங்க வந்தா இத குடுக்கச் சொன்னாரு."

மடித்த துண்டுக் காகிதம். பதிவேட்டில் நாலு வருடமாக நான் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து: "புதன், ஷிப்ட் விட்டு, 6 மணி, சுரங்க கேட்." ஒரு வணக்கம் இல்லை, பெயர்கூட இல்லை. கடல் கடந்து வந்தவளைச் சுரங்க வாசலில் நிற்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா வீட்டிலேயே தங்கச் சொன்னார். ரோஷத்தில் மறுத்துவிட்டு மெயின் பஜார் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கே சுரங்க வாசலில் நின்றேன். ஆறு மணிக்கு ஷிப்ட் விட்டது. சைக்கிள்கள், பஸ்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கண் சிவந்த ஆண்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு கடந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பேராசிரியரின் அறையில் இருந்த பழைய குழுப்படத்தில் கண்ட முகம் எதுவும் வரவில்லை. ஆறரை. ஏழு. காவலர் ஒருவர் இரண்டு தடவை என்னைச் சுற்றி வந்துவிட்டு நெருங்கினார்.

"யாரும்மா நீங்க? யார பாக்கணும்?"

சொன்னேன். பாஸ்போர்ட்டைக் கேட்டார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வெளிநாட்டுக்காரி, கையில் கனமான ஒரு கோப்பு, சுரங்க வாசலில் ஒரு மணி நேரமாக நிற்கிறாள். கோப்பைத் திறக்கச் சொன்னார். உள்ளே முழுக்க ஏறி இறங்கும் வளைகோடுகள். இது என்ன என்றார். நட்சத்திரம் வெடித்த படம் என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டாமவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஈ.சி.ஜி. மாதிரி கீது. வுட்டுடு, பாவம், யாருக்கோ ஒடம்பு சரியில்ல போல" என்றார். இப்படியாகத் தப்பித்தேன். அருள்ராஜ் மட்டும் வரவில்லை.

எட்டு மணிக்கு ஸ்டெல்லா வீட்டுக் கதவை நான் தட்டிய விதத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். "வரச் சொல்லிட்டு வராம இருக்கறது என்ன பழக்கம்?" என்று கேட்டேன். ஸ்டெல்லா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு என் கோபமே விளங்கவில்லை.

"இன்னிக்கிதான அக்கா புதன். இன்னிக்கி நைட்டு பத்து மணிக்கு உள்ள போவாரு. நாளைக்கி வெடிஞ்சி ஆறு மணிக்கு வெளிய வருவாரு."

"நாளைக்கு விடிஞ்சா வியாழன்தானே?"

"உங்களுக்கு வியாழன். ஷிப்டுக்கு அது புதன்தான். மஸ்டர் நோட்டுல புதன்னுதான கையெழுத்து போடறாங்க? நைட்டு உள்ள போனா வெளிய வர வரைக்கும் அதே தேதிதாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." அவர் சிரித்தார். "அவங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். மாமா கான்ட்ராக்ட்ல நைட் ஷிப்ட் பாத்துக்கினு இருந்தாராம். வூட்ல காலண்டர் கிழிக்கிறதே அவரு வேலையிலேர்ந்து வந்தப்பறம்தானாம். சின்ன வயசுல எங்க வூட்டுக்காரரு நடுராத்திரிக்கி மேல தேதி மாறும்னே நம்ப மாட்டாராம்."

இட்லித் தட்டு என் முன்னால் இருந்தது. முந்திரி போட்ட கெட்டிச் சட்னி. நான் ஒரு விள்ளலோடு கையை நிறுத்தினேன்.

தொலைநோக்கியில் எல்லோருக்கும் நள்ளிரவில் தேதி மாறும். "திங்கள், 2.40" என்றால் ஞாயிறு இரவு தொடங்கிய வேலையின் பின்பாதி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே ஞாயிறு இரவின் அளவுகோலை வைத்து அளந்தேன். ஆனால் அதை எழுதியவர் நெய்வேலிக்காரர். அவருக்குத் திங்கள் 2.40 என்றால் திங்கள் ஷிப்டின் 2.40. என் கணக்கில் அது செவ்வாய் விடிகாலை. நடுவில் திங்கள் பகலில் தொழில்நுட்பக்காரர்கள் கருவியைத் திறந்து சுத்தம் செய்து மாட்டியிருந்தார்கள். அது பதிவேட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் நான் அளந்த கோலே வேறு.

ஸ்டெல்லா, "காரமா இருக்குங்களா?" என்றார். இல்லை என்றேன்.

அன்று பகல் முழுவதும் நான் யோசித்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போய்விடும், வேலையும் கிடைத்துவிடும். அந்த நட்சத்திரம் மறுபடி வெடிக்கப் போவதில்லை. யாரும் சரிபார்க்க முடியாது. லாட்ஜைக் காலி செய்தேன். ஆர்ச் கேட் பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்றேன். சென்னை பஸ் வந்தது. "மெட்ராஸ், மெட்ராஸ், ஏறும்மா" என்றார் கண்டக்டர். உள்ளே நிற்க இடமில்லை, மறுபடி பலாப்பழம். நான் ஏறவில்லை. மனசாட்சி தடுத்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அடுத்த பஸ்ஸில் ஏறலாம் என்றுதான் நின்றேன். அடுத்த பஸ் வருவதற்குள் ஸ்டெல்லா சைக்கிளில் வந்துவிட்டார். நான் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போனதால் உடம்புக்கு என்னவோ என்று லாட்ஜில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் என் கட்டுரையின் பிரதியைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் வரியில் அருள்ராஜின் பெயர் இருந்தது. ஸ்டெல்லா அதையே திரும்பத் திரும்பப் படித்தார்.

"அவரு அங்க என்னா படிச்சாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. கேட்டா, வானத்தப் பாத்துக்கினு இருந்தேன்னுவாரு, அவ்ளோதான். அப்பறம் அன்னிக்கி முழுக்கப் பேச மாட்டாரு. நான் கேக்கறதையே வுட்டுட்டேன்."

வியாழக்கிழமை, அதாவது இவர்கள் கணக்கில் புதன், காலை ஆறு மணிக்கு அருள்ராஜ் வெளியே வந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிந்து, சட்டையில் பழுப்புத் தூசி. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிடாமல் இருக்க இரவும் பகலும் ஓடும் பம்புகளில் அவருக்கு வேலை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னை ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனார். "சாரி சிஸ்டர், வூட்ல அந்தப் பேச்சு வேண்டாம்னுதான் இங்க வரச் சொன்னேன்" என்றார். கன்னியாஸ்திரியைக் கூப்பிடுவது போல இருந்தது. இங்கே கிறிஸ்தவக் குடும்பங்களில் அறிமுகமில்லாத பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம்.

"லெட்டர்லாம் வந்துச்சு. பிரிச்சே பாக்கல மொத ரெண்டும். மூணாவது மட்டும் பிரிச்சேன். உங்களுக்கு வேல கெடைக்கப்போறதா எழுதியிருந்தீங்க. சந்தோசம்."

நான் கேள்வியைக் கேட்டேன். கருவியைத் தொட்டீர்களா என்ற கேள்வி அல்ல, அது காலாவதியாகிவிட்டது. திங்கள் 2.40 என்பது எந்த இரவு என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகவே புரிந்தது. கடைக்காரர் இரண்டாவது டீ போடவா என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லன்னு எழுதிக்கங்க சிஸ்டர்" என்றார் கடைசியில். "அஞ்சு வருஷம் ஆச்சு. யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"நிஜமாவே ஞாபகம் இல்லையா அண்ணே?"

"இல்லன்னுதான் சொல்றேன்ல."

எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதிக்கொண்டு போகலாம். எடுத்தவருக்கே நினைவில்லை, பதிவேட்டில் இருப்பதை நம்பினேன். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. கைப்பையில் பேனாவைத் தேடக்கூடச் செய்தேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று அவர் பொய் சொல்கிறார். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நீங்க எடுத்த கடைசிப் படம் அது. எந்த ராத்திரின்னு மறந்திருப்பீங்களா?" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"திங்கக்கெழம மத்தியானம் தந்தி வந்துச்சு. எங்க நெலம் மைன்ஸுக்குப் போச்சி இல்ல, அதுக்கு வூட்ல ஒருத்தருக்குப் பர்மனென்ட் வேல. அப்பாவுக்கு வயசு தாண்டிடுச்சி, என் பேருக்கு ஆர்டர் வந்துருந்துச்சு. பத்து நாள்ல வந்து ஜாயின் பண்ணணும். கீழ ரெண்டு தங்கச்சிங்க. பர்மனென்ட்னா சும்மாவா? போவமுடியாதுன்னு சொல்ல எனக்கு வாயி வரல." சட்டைப் பையைத் தடவினார். "அந்தத் தந்திய பாக்கெட்ல வெச்சிக்கினுதான் அன்னிக்கி ராத்திரி அந்த ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். இதான் கடைசின்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். திங்கள் நைட்டு. மறக்கல."

வீட்டுக்குப் போனோம். அவரே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததும், "ஸ்டெல்லா, கிராப் நோட்டு இருந்தா எடு" என்றார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கட்டம் போட்ட பள்ளிக்கூட கிராப் நோட்டையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

இரண்டு இரவுகளின் அளவுகோல்களும் என் கோப்பில் இருந்தன. ஞாயிறு கோலை எடுத்துவிட்டுத் திங்கள் கோலைப் போட்டு, புள்ளி புள்ளியாக மறுபடி குறித்தோம். அருள்ராஜ் எண்களைப் படித்தார், நான் கழித்தேன், ஸ்டெல்லா பென்சிலால் குறித்தார். என்ன குறிக்கிறோம் என்று கணவர் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து வருடத்துப் பேச்சையும் ஒரே காலையில் பேசினார். நான் இல்லாதது போல ஸ்டெல்லா கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஸ்டெல்லா ஸ்கேலால் அளந்தார். பிறகு பழைய படத்தை மட்டும் இன்னொரு தடவை அளந்தார்.

"அக்கா, இந்தப் பெரிய பள்ளம், சின்னப் பள்ளம், ரெண்டும் இருக்க வேண்டிய எடத்துலேர்ந்து ஒரே அளவுதான தள்ளி இருக்கு? அப்ப ஸ்கேல்தான தப்பா இருக்கணும்?"

எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பெண் ஒரு நிமிடத்தில் கண்டதை நான் நாலு வருடத்தில் காணவில்லை. இரைச்சல் என்று பெயர் வைத்துவிட்டதால் அந்தச் சின்னப் பள்ளத்தை நான் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. பேராசிரியரும் அளக்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

புதிய படத்தில் சின்னப் பள்ளம் நம் கேலக்ஸிக்கு உரிய இடத்தில் அச்சாக உட்கார்ந்தது. பெரிய பள்ளம் அந்தக் கேலக்ஸியின் இடத்திலேயே உட்கார்ந்தது. வாயு விழவில்லை. வெளியே ஓடவும் இல்லை. சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற வாயுவைப் பற்றி யாரும் கட்டுரை கேட்பதில்லை, அதற்காக வேலையும் தருவதில்லை.

மதியம் ஸ்டெல்லா மீன் குழம்பு வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அருள்ராஜ் ஷிப்ட் முடித்து வந்தவர், தூங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மெயின் பஜாரில் ஃபேக்ஸ் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். வியாழன் இரவும் வேலை பார்த்துவிட்டு அருள்ராஜ் நேராக அங்கே வந்துவிட்டார். முதலில் பேராசிரியரைக் கூப்பிட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்த்து ஒழுகியது. அவர் சொன்னது ஏறக்குறைய இது: "ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கிழமையை ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்கிறாய். எங்கோ ஒரு சுரங்க ஊரில் ஒரு மேசையில் அளந்தேன் என்கிறாய். அவசரப்படாதே. அச்சாகட்டும், பிறகு பார்க்கலாம்." பள்ளங்கள் இரண்டும் ஒரே அளவு தள்ளியிருப்பதை நீங்களே அளந்து பாருங்கள், படம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். காகிதம் நகரும் ஓசை கேட்டது. பிறகு, "வேலையை மறந்துவிட வேண்டியிருக்கும், தெரியுமல்லவா?" என்றார். தெரியும் என்றேன்.

பூத்தின் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையின் முடிவு தவறு, அளவுகோல் மாறிவிட்டது, அச்சிட வேண்டாம், இதை ஒரு குறிப்பாக வெளியிடுங்கள். நாலே வரி. பிழை என்னுடையது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அருள்ராஜ் என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"என் பேரும் போடுங்க" என்றார்.

"எதுக்கு அண்ணே? நீங்க இந்தக் கட்டுரையே எழுதல. அளக்காம விட்டது நான்தான்."

"அந்தத் தேதிய எழுதினது நானு. அந்தப் படம் எடுத்தது நானு." அவர் குரல் உயரவில்லை. "தப்பா இருந்தா பரவால்ல. நான் அங்க இருந்தேன்னு எங்கியாவது இருக்கட்டும் சிஸ்டர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூத்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துக்கொண்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

அந்த வேலை கிடைக்கவில்லை. வேறு கேலக்ஸிகள், வேறு வெடிப்புகள் என்று படிப்பை முடிக்க எனக்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது. நான் எழுதி, நிறுத்திவிட்ட அந்தக் கட்டுரையில் அருள்ராஜுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றிதான் போட்டிருந்தேன். அதைத் திரும்பப் பெறும் குறிப்பு மட்டும் எங்கள் இருவர் பெயரிலும் அச்சில் வந்தது. அந்தப் பத்திரிகை பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடும். நான் சரஸ்வதி. அவர் பெயர் முதலில் இருக்கிறது.